தெரிந்த முடிவை மறுபடி பார்ப்பது எப்படி: ஹிட்ச்காக்கின் 'லாம்ப் டு தி ஸ்லாட்டர்' எபிசோடுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1958 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில், மர்மப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்' தொடரின் மூன்றாம் பருவத்து எபிசோட் ஒன்று ஒளிபரப்பானது. கர்ப்பிணியான ஒரு மனைவி, உறைந்து கல்லாகிக் கிடந்த ஆட்டுத் தொடையால் கணவனை அடித்துக் கொன்றுவிட்டு, அதே தொடையை ஓவனில் வாட்டி, கொலையை விசாரிக்க வந்த காவலர்களுக்கே பரிமாறுகிறாள் என்பதுதான் கதை. மர்மக் கதைகளில் ஓரளவு நாட்டமுள்ள எவருக்கும் இந்தக் கதை எங்கிருந்தோ காதில் விழுந்திருக்கும். முடிவு தெரிந்துவிட்ட பிறகு இதில் பார்க்க என்ன மிச்சமிருக்கிறது என்று பலரும் இதைத் தொடாமலே கடந்துவிடுகிறார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. இது முடிவு தெரிந்தவர்களுக்காகவே எடுக்கப்பட்ட எபிசோட். முதல் முறை பார்ப்பதைவிட இரண்டாம் முறை பார்ப்பதே இதற்குச் சரியான பார்வை. அதை எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. கதையை மறைக்காமல்தான் எழுதப்போகிறேன் என்பதால், இதுவரை பார்க்காதவர்கள் அரை மணி நேரத்துக்கும் குறைவான அந்த எபிசோடை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து தொடர்வது நல்லது.

முதல் படி: முழுப் பிரதியையும் சரியான திரை அளவையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்

இந்தத் தொடரின் ஒவ்வொரு எபிசோடும் மூன்று துண்டுகளால் ஆனது. ஹிட்ச்காக் திரையில் தோன்றிப் பேசும் முன்னுரை, கதை, மீண்டும் அவரே வந்து பேசும் பின்னுரை. விளம்பரங்களை நீக்கிய முழு எபிசோட் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும். இணையத்தில் உலவும் சில பிரதிகளில் முன்னுரையும் பின்னுரையும் வெட்டப்பட்டிருக்கின்றன. இருபது நிமிடத்தை ஒட்டிய பிரதி கையில் கிடைத்தால் அதைத் தள்ளிவிட்டு, மூன்றாம் பருவத்தின் டிவிடி தொகுப்பையோ முறையான உரிமத்தோடு வெளியிடும் தளத்தையோ தேடுங்கள். இந்த எபிசோடைப் பொறுத்தவரை அந்த இரண்டு உரைகளும் கதையோடு ஒட்டிப் பிறந்தவை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது திரையின் அளவு. அக்காலத் தொலைக்காட்சிப் படம் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில், கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். இன்றைய அகலத் திரைப் பெட்டிகள் அதைத் தாமாகவே இழுத்து நிரப்பிவிடும். அல்லது மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கிவிடும். நான் முதன்முதலில் பார்த்தபோது எங்கள் வீட்டுப் பெட்டி இந்த வேலையைச் செய்திருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. கதாநாயகியின் முகம் ஏன் இப்படிப் பரந்து தட்டையாகத் தெரிகிறது, நெற்றியை ஏன் எப்போதும் காணோம் என்று யோசித்துக்கொண்டே முழுவதையும் பார்த்து முடித்தேன். இந்த எபிசோடின் கடைசிக் காட்சி ஒரு பெண்ணின் முகத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. ஆகவே ரிமோட்டை எடுத்து, படத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் தெரியும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அசைவுகளைச் செயற்கையாக வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அளவோடு

தொடர் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஹிட்ச்காக்கின் ஷாம்லி புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் தயாரித்தது. அன்றாடப் பொறுப்பு ஜோன் ஹாரிசன் என்ற பெண் தயாரிப்பாளரின் கையில் இருந்தது. எல்லா எபிசோடுகளையும் ஹிட்ச்காக்கே இயக்கினார் என்று நினைப்பவர்கள் உண்டு. அரை மணி நேரத் தொடரின் ஏழு பருவங்களில் அவர் இயக்கியவை 17 மட்டுமே. அவற்றில் இது ஒன்று. இதற்காக 1959இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதின் இயக்கப் பிரிவில் அவர் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு கிடைக்கவில்லை.

கதை ரோல்ட் டால் எழுதியது. 1953 செப்டம்பரில் ஹார்ப்பர்ஸ் இதழில் சிறுகதையாக வெளிவந்தது. தொலைக்காட்சிக்கான திரைக்கதையையும் அவரே எழுதினார். குழந்தைகளுக்கான புத்தகங்களால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே டால்தான். நடிகர்களில் இருவரை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். மனைவி மேரி மலோனியாக நடிப்பவர் பார்பரா பெல் கெட்டிஸ். இந்த எபிசோட் ஒளிபரப்பான அடுத்த மாதமே வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்தில், நாயகனை ஒருதலையாக நேசிக்கும் மிட்ஜ் இவர்தான். பல ஆண்டுகளுக்குப் பிறகு 'டல்லஸ்' தொடரின் குடும்பத் தலைவியாகவும் அமெரிக்க வீடுகளில் நிலைத்தார். கணவன் பேட்ரிக்காக நடிக்கும் ஆலன் லேன் அதற்கு முன் கௌபாய்ப் படங்களின் நாயகன்; பின்னர் 'மிஸ்டர் எட்' தொடரில் பேசும் குதிரைக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். இந்தத் தகவலுக்கும் நம் எபிசோடுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். 'வெட்டுவதற்குக் கொண்டுபோகும் ஆட்டுக்குட்டி' என்பது விவிலியத்தின் ஏசாயா நூலிலிருந்து ஆங்கிலப் பேச்சில் கலந்த தொடர். தமிழ் விவிலியத்தைப் படித்தவர்களுக்கு 'அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஒரு ஆட்டுக்குட்டி' என்ற வரி உடனே நினைவுக்கு வரும். தனக்கு நேரப்போவது தெரியாமல் வாய் திறவாது நடக்கும் உயிரை அது குறிக்கிறது. எபிசோடில் அந்த ஆட்டுக்குட்டி யார் என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கத் தொடங்கலாம். முதல் சில நிமிடங்களில் அது மேரி. ஓர் அடிக்குப் பிறகு பேட்ரிக். இறுதியில் வரிசையாக மேசைக்கு அழைத்துச் செல்லப்படும் காவலர்கள்.

மூன்றாம் படி: எங்கும் நிறுத்தாமல் ஒருமுறை

முதல் சுற்றில் குறிப்பெடுக்க வேண்டாம், பின்னோக்கிச் செலுத்தவும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்களுக்குப் படபடப்பு எப்போது தொடங்குகிறது? பேட்ரிக் வீடு திரும்புகிறான், விலகிப்போகப்போவதாகவும் வேறொரு பெண் இருப்பதாகவும் சொல்கிறான், மேரி நம்ப மறுக்கிறாள், சமையல் செய்யப் போவதுபோல் போய் ஃப்ரீசரிலிருந்து ஆட்டுத் தொடையை எடுத்து வருகிறாள், அடிக்கிறாள். இவ்வளவும் மளமளவென்று நடந்து முடிந்துவிடும். கொலை நடக்குமா என்று நம்மைக் காக்கவைப்பதில் ஹிட்ச்காக்குக்கு இங்கே அக்கறை இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்குவது கொலைக்குப் பிறகு, ஓவனின் கதவு மூடப்படும்போதுதான்.

இதன் காரணத்தை ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ரூஃபோவுடனான புகழ்பெற்ற நேர்காணலில் விளக்கியிருக்கிறார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது தெரிந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் கிடைப்பது பதினைந்து நிமிட சஸ்பென்ஸ். அந்தக் குண்டைத்தான் இங்கே ஓவனுக்குள் வைத்து 'வாசனை' வேறு வரவழைத்திருக்கிறார்கள். வழக்கமான குண்டிலிருந்து இது வேறுபடுவது ஓர் இடத்தில்தான்: இந்தக் குண்டு வெடிக்கக் கூடாது என்று நாம் விரும்புகிறோம். கொலைகாரியின் பக்கம் நின்றுகொண்டு, சட்டத்தின் காவலர்கள் எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பதைக்கிறோம். எந்தக் கணத்தில் அவள் பக்கம் சாய்ந்தீர்கள் என்பதை மனத்துக்குள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் அது தேவைப்படும்.

நான்காம் படி: சிறுகதையைப் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்

சிறுகதை சில பக்கங்களே. எபிசோடோடு வைத்துப் பார்க்கும்போது எழுதியவர் ஒருவரே என்பதால், ஒவ்வொரு மாற்றமும் தெரிந்தே செய்த மாற்றம் என்று கொள்ளலாம்.

மிகப் பெரிய மாற்றம் கணவனின் வாக்குமூலம். சிறுகதையில் பேட்ரிக் என்ன சொன்னான் என்பதை டால் நமக்குச் சொல்வதே இல்லை. அவன் சொன்னான், நாலைந்து நிமிடம் ஆனது, அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்ற அளவில் கடந்துவிடுகிறார். வாசகன் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். திரையில் அந்த உத்தி எடுபடாது. உதடு அசைவதைக் காட்டிவிட்டுச் சொல்லை மறைத்தால் அது தந்திரமாகத் தெரியும். ஆகவே எபிசோடில் கணவன் வாய்விட்டுச் சொல்கிறான், அதுவும் இரக்கமின்றி. இதனால் ஒன்று இழக்கப்படுகிறது, ஒன்று கிடைக்கிறது. கதையின் மேரி எதனால் கொன்றாள் என்பதில் ஒரு புதிர் எஞ்சியிருக்கும். கணவனைத் தெய்வமாக வைத்திருந்தவளின் கை மூளையைக் கேட்காமலே உயர்ந்தது என்பதுபோல் டால் எழுதியிருப்பார். எபிசோடின் மேரிக்குக் காரணம் தெளிவாக இருக்கிறது, அதனால்தான் அவள் பக்கம் சாய நமக்குத் தயக்கம் இல்லாமல் போகிறது.

இரண்டாவது, மளிகைக் கடைக்காரனிடம் பேச வேண்டியதை மேரி கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கும் பகுதி. சிறுகதையில் இது நுட்பமான இடம்: கடைக்காரன் சாமிடம் சொல்ல வேண்டிய சாதாரண வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பார்க்கிறாள், குரல் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப. உருளைக்கிழங்கும் பட்டாணியும் வாங்கப்போகும் பெண்ணாக அவள் தன்னை மறுபடி செய்துகொள்கிறாள். வீடு திரும்பும் வழியில் தான் உண்மையிலேயே கணவனுக்குச் சமைக்கப் போகும் மனைவி என்று தன்னையே நம்பவைத்துக்கொள்வதால், உள்ளே நுழைந்து பிணத்தைப் பார்த்ததும் வரும் அழுகை நடிப்பு அல்ல, நிஜமாகவே வருகிறது. உரைநடையால் மட்டுமே தொடக்கூடிய இந்த உள்மனச் சேதியைப் பெல் கெட்டிஸ் முகத்தில் எவ்வளவு கொண்டுவருகிறார் என்பதைப் பாருங்கள். என் கணிப்பில் அழுகையில் கதை முந்துகிறது, அடக்கத்தில் எபிசோட் முந்துகிறது.

ஐந்தாம் படி: மூன்று பத்திகளில் குறிப்பு

இரண்டாம் சுற்றுக்கு ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலாவதில் மேரிக்குத் தெரிந்தது, இரண்டாவதில் விசாரணை அதிகாரி நூனனுக்குத் தெரிந்தது, மூன்றாவதில் நமக்குத் தெரிந்தது. புதிய தகவல் வரும்போதெல்லாம் நிறுத்தி, அது எந்தப் பத்தியில் விழுகிறது என்று எழுதுங்கள். சில நிமிடங்களிலேயே ஒன்று புலப்படும்: முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒரே மாதிரி நிரம்பிக்கொண்டு போகும். மேரிக்குத் தெரியாத எதுவும் நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியாத எதையும் அவள் வைத்துக்கொள்வதில்லை. நாம் உடந்தையாவது இப்படித்தான்.

இரண்டாம் பத்தி சுவாரசியமானது. ஹரால்ட் ஜே. ஸ்டோன் நடிக்கும் நூனன் முட்டாள் அல்ல. அறையில் கைகலப்பு நடந்ததுபோல் மேரி பொருள்களைக் கலைத்து வைத்திருந்தாலும், அவன் ஆயுதத்தை விடாமல் தேடுகிறான். கனமான, மழுங்கிய பொருள் ஒன்று என்பதுவரை சரியாக வந்து சேர்கிறான். அவனுடைய குறை அறிவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. சமையலறை என்பது அவனுக்கு விசாரணைக்குரிய இடமாகத் தோன்றவே இல்லை. அடுப்பில் வேகும் கறி மனைவிமார்களின் விவகாரம், அதைக் கேட்பது நாகரிகமும் அல்ல. ஒரு பெண்ணின் வேலையை ஆண்கள் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் பார்க்காமல் இருப்பதுதான் இந்தக் கொலையின் உண்மையான மறைவிடம்.

ஆறாம் படி: கறியின் கடிகாரத்தை எண்ணுங்கள்

இது நான் மட்டும் செய்யும் பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம், ஆனால் எபிசோடின் கட்டுமானம் இதனால்தான் எனக்குப் பிடிபட்டது. எலும்போடு கூடிய முழு ஆட்டுத் தொடை இரண்டு கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். உறைநிலையிலிருந்து நேராக ஓவனில் வைத்தால், பனி விலகிய கறிக்கு ஆகும் நேரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும். அதாவது மூன்று மணி நேரத்தை ஒட்டி. இந்த மூன்று மணி நேரத்துக்குள் மேரி கடைக்குப் போய் வர வேண்டும், காவலர்களை அழைக்க வேண்டும், அவர்கள் வந்து படமெடுத்து, மருத்துவர் பார்த்து, உடலை எடுத்துச் சென்று, வீட்டைச் சல்லடை போட்டுத் தேடிக் களைத்துப் பசிக்கும் நிலைக்கு வர வேண்டும். ஆயுதம் உணவாக மாறும் நேரமும் காவலர்கள் விருந்தாளிகளாக மாறும் நேரமும் ஒன்றே. அவர்களுடைய உழைப்பே அவர்களுடைய பசியாகிறது. விசாரணைக் காட்சிகள் சற்று நீள்கின்றன என்று குறை சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கறி வேக வேண்டாமா?

படம் இருட்டி மறையும் இடங்களையும் இதே சுற்றில் குறித்துக்கொள்ளுங்கள். அவை அன்று விளம்பரம் வந்த இடங்கள். எழுத்தாளர் அந்த இடைவெளிக்கு முன் பார்வையாளர் மனத்தில் எதை நிறுத்திவிட்டுப் போகிறார் என்று பார்த்தால், அரை மணி நேரத் தொலைக்காட்சிக் கதை எப்படி முடையப்பட்டது என்பது தெரியும்.

ஏழாம் படி: கடைசி ஷாட்டை முதலில் ஒலியின்றி, பிறகு படமின்றி

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். காவலர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வேறொரு இயக்குநராக இருந்தால் கேமராவைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோயிருப்பார். கத்தி கறியை அறுப்பதையும் வாய்கள் மெல்வதையும் குளோசப்பில் காட்டியிருப்பார். ஹிட்ச்காக் மேசையை விட்டுவிட்டு, அடுத்த அறையில் சுவரையொட்டி நாற்காலியில் தனியே உட்கார்ந்திருக்கும் மேரியிடம் நம்மை விட்டுவிடுகிறார். சாப்பிடுபவர்களின் குரல் மட்டும் வருகிறது. ஆயுதம் நம் மூக்குக்குக் கீழேயே இருந்தாலும் இருக்கலாம் என்று ஒரு குரல் சொல்கிறது. அவள் சிரிக்கத் தொடங்குகிறாள்.

முதலில் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு இந்த ஷாட்டைப் பாருங்கள். பெல் கெட்டிஸின் முகம் சட்டென்று சிரிப்புக்குத் தாவுவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் முகமாக இருக்கிறது. கண்கள்தான் முதலில் மாறுகின்றன, பிறகே வாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். சாப்பாட்டுக்கு நடுவே வேலையைப் பற்றி அலுத்துக்கொள்ளும் ஆண்களின் சாதாரணப் பேச்சு. வானொலி நாடகமாகக் கேட்டால் அதில் பயங்கரம் எதுவுமே இல்லை. இரண்டையும் சேர்த்தால்தான் காட்சி உண்டாகிறது. சிறுகதையின் கடைசி வரியும் அடுத்த அறையில் மேரி சிரிக்கத் தொடங்குவதுதான். டால் அங்கே நம்மை மேசையருகே உட்காரவைத்து, சிரிப்பைத் தொலைவிலிருந்து கேட்கவைத்தார். ஹிட்ச்காக் ஆட்களை இடம் மாற்றி, நம்மைச் சிரிப்பவள் எதிரே உட்காரவைத்துவிட்டார். கதையில் இல்லாத ஒரு சொல்கூடச் சேர்க்காமல், கேமராவை வைத்த இடத்தால் மட்டும் செய்த மாற்றம் இது.

எட்டாம் படி: முன்னுரையையும் பின்னுரையையும் சேர்த்து ஒரு சுற்று

முன்னுரையில் ஹிட்ச்காக் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார். போக்குவரத்து விதியை மீறிய வாகன ஓட்டிக்குத் தருவதுபோல் ஒரு காவலர் அவருக்கு அபராதச் சீட்டு கொடுக்கிறார். உணவும் காவல்துறையும் ஒரே காட்சிக்குள் வந்துவிட்டன; காவலர் கவனிக்கத் தேவையில்லாததைக் கவனிப்பவர் என்பதும் பதிந்துவிட்டது. முதல் முறை பார்ப்பவர் இதை வெறும் கேலி என்று கடந்துவிடுவார்.

பின்னுரையில் மேரி பிடிபட்டுவிட்டாள் என்று அறிவிக்கிறார். இரண்டாவது கணவனையும் அதே வழியில் தீர்த்துக்கட்ட முயன்றாளாம். அந்த மறதிக்காரன் ஃப்ரீசரை மின்சாரத்தில் இணைக்க மறந்திருந்ததால் கறி கொழகொழவென்று ஆகிவிட்டிருந்ததாம். அக்காலத்து ஒளிபரப்பு நெறிமுறைகளின்படி குற்றவாளி தண்டனையின்றித் தப்பிப்பதாகக் கதையை விட்டுவிட முடியாது. ஆகவே இந்தத் தொடரில் இப்படிப்பட்ட பின்னுரைகள் வழக்கம். தணிக்கைக்குக் கட்டிய கப்பம் என்று இவற்றை ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜேம்ஸ் அல்லர்டைஸ் எழுதிய இந்த உரைகள் விதிக்குக் கட்டுப்படுவதுபோல் காட்டிக்கொண்டே விதியைப் பரிகசிக்கின்றன. சட்டம் மேரியைப் பிடிக்கவில்லை, பிடுங்கிக் கிடந்த ஒரு பிளக்தான் பிடித்தது. நீதி நிலைநாட்டப்பட்டது என்று யாரும் நம்பிவிட முடியாதபடி நீதியை நிலைநாட்டும் கலை அது.

ஒன்பதாம் படி: வேறொரு வடிவத்தோடு ஒப்பிடுங்கள்

பிரிட்டனின் 'டேல்ஸ் ஆஃப் தி அன்எக்ஸ்பெக்டட்' தொடர் 1979இல் இதே கதையை வண்ணத்தில் எடுத்தது. சூசன் ஜார்ஜ் மேரியாகவும், பிரையன் பிளெஸ்ட் விசாரணை அதிகாரியாகவும் நடித்தார்கள். ஹிட்ச்காக்கின் வடிவத்தை மூன்று முறை பார்த்துவிட்ட பிறகே அதற்குப் போங்கள். முன்பே பார்த்தால் கறியின் நிறம் கண்ணில் நின்றுவிடும். கறுப்பு வெள்ளையில் அந்தத் தொடை வெறும் வெளிறிய கனம். வண்ணத்தில் அது இறைச்சி.

அதே ருசியில் இன்னும் வேண்டுமென்றால், டாலின் கதைகளிலிருந்து ஹிட்ச்காக் இத்தொடருக்காக இயக்கிய மற்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம்: 1958இன் 'டிப் இன் தி பூல்', 'பாய்சன்', 1960இன் 'மிஸஸ் பிக்ஸ்பி அண்ட் தி கர்னல்ஸ் கோட்'. மூன்றிலும் யாரோ ஒருவர் தன் சாமர்த்தியத்தை நம்பியோ, அடுத்தவர் சொல்லை நம்பாமலோ மாட்டிக்கொள்கிறார். மேரியைப்போல் சுவரோரம் உட்கார்ந்து சிரிக்கும் வாய்ப்பு அவர்களில் எவருக்கும் கிடைப்பதில்லை.

கடைசிப் படி: தெரியாத ஒருவரை அருகில் உட்காரவையுங்கள்

கதை தெரியாத ஒருவரை, முடிந்தால் இரவு உணவுக்குப் பிறகு, பக்கத்தில் உட்காரவைத்து எபிசோடை ஓடவிடுங்கள். இம்முறை நீங்கள் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. நூனனுக்குத் தெரியாதது மேரிக்குத் தெரிந்ததுபோல், அருகில் இருப்பவருக்குத் தெரியாதது இப்போது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை என் வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவரை இப்படி உட்காரவைத்தேன். ஓவன் கதவு மூடியபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயுதத்தைத் தேடிக் காவலர்கள் அலையும்போது, கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் பாதியில் நிறுத்தினார். 'அடப்பாவி, அதையா போட்டுச் சாப்பிட வைக்கப்போறா?' என்று என் பக்கம் திரும்பினார். நான் பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.